தூக்க மாத்திரையும் டாக்டர் சீட்டும் – ஒரு வரலாறு

அச்சன்புதூர், தென்காசி, குற்றாலம் என எந்த ஊர் மருந்துக்கடையிலும் தூக்க மாத்திரை வாங்க டாக்டர் சீட்டு வேண்டும் என்பது சட்டம். ஆனால் சளி, அரிப்புக்கான சில மாத்திரைகள் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டாலும் தூக்கம் வரும். அதனால் "சீட்டு கேட்காத மருந்து ஆபத்தில்லாதது" என்று பலர் நம்புகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

நம் நாட்டில் நெடுங்காலமாகத் தூக்கமின்மைக்கும் மனநோய்க்கும் சர்ப்பகந்தா வேர்ப்பொடி கொடுத்து வந்தார்கள். 1931-ல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது ரத்த அழுத்தத்தையும் குறைப்பதாக எழுதினார்கள். 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவன விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தார்கள். அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கடும் மனச்சோர்வு வந்ததும் பதிவாகியது.

மேல்நாட்டில் 1903-ல் பார்பிட்டால் வந்தது. அந்த வகை மருந்துகளில் தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. 1962-ல் நடிகை மர்லின் மன்றோ இறந்தது இவ்வகை மருந்து அளவு மீறியதால்தான்.

இதற்கு மாற்றாக, "முற்றிலும் பாதுகாப்பானது" என்ற விளம்பரத்தோடு 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. சீட்டே தேவைப்படவில்லை. கர்ப்பிணிகளும் வாங்கிச் சாப்பிட்டார்கள். 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்துவிட்டன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி அனுமதி தர மறுத்ததால் அங்கே பெரும் சோகம் தவிர்க்கப்பட்டது.

1963-ல் வந்த வாலியம் போன்றவை பார்பிட்டாலைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் உடல் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இந்தியாவில் 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை 'எச்1' அட்டவணையில் உள்ளன. அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சரி, சீட்டில்லாத மருந்து? அலர்ஜிக்கான டைபென்ஹைட்ரமின் அமெரிக்காவில் 1946-ல் சீட்டு மருந்தாகத்தான் வந்தது. 1982-ல் அங்கே சீட்டில்லாத தூக்க மருந்தாக அனுமதிக்கப்பட்டது. சில நாட்களிலேயே இதன் தூக்க விளைவு குறையத் தொடங்கும். முதியவர்களுக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் வரலாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என 2017-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் கூறியது.

ஆக, சீட்டு என்பது மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டும் அடையாளம் அல்ல. நோயாளியின் வயது, கர்ப்பம், மற்ற நோய்கள், சாப்பிடும் பிற மருந்துகள் ஆகியவற்றை ஒருவர் கேட்டுப் பார்த்தார் என்பதற்கான சாட்சி அது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, தூக்கப் பழக்கங்களைச் சீர்படுத்தும் உளவியல் பயிற்சியே என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அறிவித்தது. நூறாண்டு அனுபவம் காட்டும் வழியும் அதுதான்.