மாணிக்கவாசகம் பிள்ளை, வால்யூம் ஒன்று

தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர் யாரையாவது பிடித்து கால்குலஸ் புத்தகம் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நாராயணன் – மாணிக்கவாசகம் பிள்ளை. எஸ். நாராயணனும் டி.கே. மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதியது, சென்னை எஸ். விஸ்வநாதன் வெளியீடு. எங்கள் மணப்பட்டு வரைக்கும் அது வந்திருக்கிறது. 1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் வரும்வரை இங்குள்ள கல்லூரிகளுக்கு மெட்ராஸ் யுனிவர்சிட்டி சிலபஸ்தான். 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருக்குக் கணக்கு மட்டும் இங்கிலாந்து வழியாக வந்து சேர்ந்தது.

இங்கிலாந்து வழி என்று சும்மா சொல்லவில்லை. லைப்னிட்ஸ் தேற்றம், வளைவு ஆரம், எவல்யூட், என்வலப் என்று போகும் இந்தச் சங்கதிகளை 1886இல் வந்த ஜோசப் எட்வர்ட்ஸின் புத்தகத்திலேயே பார்க்கலாம். கேம்பிரிட்ஜின் ட்ரைபாஸ் தேர்வு அப்போது கணக்குப் போடும் பந்தயம். அதை வெறுத்த ஜி.எச். ஹார்டி, எல்லை என்றால் என்ன என்பதையும் விளக்கி 1908இல் வேறு மாதிரி ஒரு பாடநூல் எழுதினார். 1909க்குப் பிறகு அங்கே ராங்லர்களைத் தரவரிசைப்படி அறிவிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இங்கே நிற்கவில்லை. நான் பி.இ. படித்தவன், எங்களுக்கு கிரேவால். 1965இல் முதல் பதிப்பு. கணக்குக்குப் பக்கத்திலேயே எந்தப் பல்கலைக்கழகம், எந்த வருடம் கேட்டது என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும். நாங்கள் முதலில் படித்ததே அந்த அடைப்புக்குறியைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில்கூட முதல் செமஸ்டரில் எவல்யூட் இருந்தது. இத்தனை வருடம் கோட் எழுதியதில் ஒருநாள்கூட எனக்கு அது தேவைப்படவில்லை.

அதற்காக இந்தப் புத்தகங்களைத் திட்ட மனசு வரவில்லை. தமிழ் மீடியத்தில் படித்து, வீட்டிலிருந்து முதல் ஆளாகக் காலேஜ் போன பையனுக்கு ஹார்டியின் இங்கிலீஷ் மதில்சுவர். பிள்ளை புத்தகத்தில் நாலு வரி விளக்கம், உடனே போட்டுக்காட்டிய கணக்கு, பிறகு பயிற்சி. பத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பதினொன்றாவது தானாக வரும். அப்படிப் பாஸ் பண்ணி வாத்தியார் ஆனவர்கள் பாகூர் பக்கம் எத்தனையோ பேர்.

அப்படி ஒருவர், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், எங்கள் தெருவில் இருக்கிறார். பரவளையத்தின் எவல்யூட் என்ன சார் என்றேன். யோசிக்கவே இல்லை. "27 ஏ ஒய் ஸ்கொயர் ஈக்வல் டு 4 இன்ட்டு எக்ஸ் மைனஸ் 2 ஏ ஹோல் க்யூப்."

எவல்யூட்ன்னா என்ன சார்?

"அத யாரும் கேட்டதில்லையே தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பேப்பர் எடு, வரைஞ்சு பாப்போம்."