தரிசுப் பதிவேட்டில் ஒரு பறவையின் நிலம்: தார்ப் பாலையில் கானமயில்

கானமயிலின் வீழ்ச்சியை வேட்டையின் கதையாகவே நெடுங்காலம் எழுதிவந்திருக்கிறோம். அதற்குச் சான்றும் உண்டு. 1809 முதல் 1829 வரை அகமதுநகர் வட்டாரத்தில் ராபர்ட் மான்ஸ்ஃபீல்டு என்பவர் ஒருவரே 961 கானமயில்களைச் சுட்டதாகப் பதிவு இருக்கிறது. பஞ்சாபிலிருந்து தமிழகத்தின் வறண்ட சமவெளிகள் வரை பரவியிருந்த பறவை இது. 1969இல் பறவையியலாளர் தர்மகுமார்சிங்ஜி மதிப்பிட்டபோது ஏறத்தாழ 1,260 எஞ்சியிருந்தன. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்தது. ஆனாலும் 2008இல் எண்ணிக்கை சுமார் 300 ஆகவும், பத்தாண்டு கழித்து 150 ஆகவும் சுருங்கியது. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் பறவை குறைந்துகொண்டே வந்ததற்கான விடையை நில வரலாற்றில்தான் தேட வேண்டும்.

ஆங்கிலேய வருவாய் நிர்வாகம் உழவு நடக்காத, வரி தராத நிலத்தைத் தரிசு என்று வகைப்படுத்தியது. மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடுமாடு மேய்த்த புல்வெளிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. விடுதலைக்குப் பிறகும் பதிவேடு மாறவில்லை. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைந்தபோது, இத்தகைய நிலங்களில் மரம் வளர்ப்பதே மேம்பாடாகக் கருதப்பட்டது. நம் ஊர்க் கண்மாய்களை வளைத்துக்கொண்ட அதே சீமைக் கருவேலம் மேற்கிந்தியப் புல்வெளிகளிலும் பரவியது. கானமயிலோ மரநிழலை நாடும் பறவை அல்ல. பெட்டை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையை வெறுந்தரையில் இடும். நரியோ நாயோ வருவது தொலைவிலேயே தெரிந்தால்தான் அந்த முட்டை பிழைக்கும்.

1958இல் தொடங்கிய, இன்று இந்திரா காந்தி கால்வாய் எனப்படும் திட்டம், சட்லஜ், பியாஸ் ஆறுகளின் நீரைத் தார்ப் பாலைக்குக் கொண்டுவந்தது. சேவண் புல் விளைந்த இடங்களில் கோதுமையும் கடுகும் வந்தன. தண்ணீருக்காகப் பல கல் தொலைவு நடந்த மக்களுக்கு அது வாழ்வளித்தது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எந்தப் புல்வெளியை விட்டுவைப்பது என்ற கேள்வியை அன்று எவரும் எழுப்பவில்லை.

கேள்வி எழுந்தபோது கிடைத்த விடையும் கோணலாகவே இருந்தது. மகாராஷ்டிரத்தில் 1979இல் அறிவிக்கப்பட்ட கானமயில் சரணாலயம் 8,496 சதுர கி.மீ. பரப்பில் ஊர்களையும் விளைநிலங்களையும் சேர்த்தே வளைத்தது. பின்னர் அதை 1,222 சதுர கி.மீ. ஆகக் குறைக்க வேண்டியிருந்தது. மத்தியப் பிரதேசத்தின் கரேராவில் நடந்தது இன்னும் வேதனை தருவது. 1981இல் 202 சதுர கி.மீ. சரணாலயமானது. அதில் பெரும்பகுதி தனியார் பட்டா நிலம். விவசாயிகளால் நிலத்தை விற்க முடியவில்லை. பாதுகாப்பில் பெருகிய வெளிமான்கள் பயிரை மேய்ந்தன. இழப்பைச் சுமந்தவர்களுக்குப் பறவையின் மேலேயே கசப்பு வந்தது. 1990களில் கானமயில் அங்கிருந்து மறைந்துபோனது. பறவையில்லாத சரணாலயத்தின் அறிவிக்கை 2022இல் நீக்கப்பட்டது. ராஜஸ்தானில் 1980இல் உருவான, 3,162 சதுர கி.மீ. பாலைவனத் தேசியப் பூங்காவுக்குள்ளும் ஊர்கள் உண்டு. சாலைக்கும் மின்சாரத்துக்கும் அவை பட்ட பாடு நீண்டது.

இந்த நூற்றாண்டில் காற்றாலைகளும் சூரிய மின் பூங்காக்களும் அதே தரிசுப் பட்டியலைப் பார்த்தே இடம் தேடின. வளர்ந்த ஆண் கானமயில் 15 கிலோ வரை எடை கொண்டது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. பறக்கும்போது தரையை நோக்கியபடி போகும். குறுக்கே ஓடும் மின்கம்பி கண்ணில் படும்போது உடலைத் திருப்ப நேரம் இருக்காது. தார்ப் பகுதியில் 4,200 சதுர கி.மீ. பரப்பில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் பல இனங்களிலும் மின்கம்பிகளால் சாகின்றன என்று இந்திய வனஉயிர் நிறுவனம் கணித்தது. ஓராண்டில் ஒரு முட்டை இடும் இனத்துக்கு இதில் சில உயிர்கள் போனாலே ஈடுகட்ட முடியாது.

கானமயிலைக் காக்க வனஉயிர்ப் பாதுகாவலர் எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் சுமார் 99,000 சதுர கி.மீ. பரப்பில் மின்தடங்களைப் புதைக்கும்படி உத்தரவிட்டது. உயரழுத்தத் தடங்களை அவ்வளவு தொலைவுக்குப் புதைப்பது இயலாது என்றும், கரிம உமிழ்வைக் குறைக்கும் இலக்கு தடைபடும் என்றும் அரசு வாதிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் தரைக்கு மேல் செல்லும் தடங்களுக்கான பொதுத் தடையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமையே என்று அதே தீர்ப்பில் ஏற்றது. தடையைத் தளர்த்தியது சரி என்பதே என் கருத்து. எங்கும் தடை என்ற உத்தரவு எங்கும் நிறைவேறாமல் போயிருக்கும். முட்டையிடும் இடங்களிலும் வலசைப் பாதையிலும் கம்பியைப் புதைத்தே ஆக வேண்டும். பறவைகளை எச்சரிக்கக் கம்பியில் தொங்கவிடும் பளபளப்பான தட்டுகள் அதற்கு மாற்றாகா.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாதவை ஓரண்கள். தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாமல், உழாமல், மேய்ச்சலுக்கு மட்டும் ஊரார் விட்டுவைத்த பொதுநிலங்கள் அவை. ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரண் வழியே உயரழுத்தத் தடங்கள் சென்றபோது முதலில் எதிர்த்தவர்கள் ஒட்டகம் மேய்க்கும் அவ்வூர் மக்களே. இத்தகைய நிலங்கள் பல, வருவாய்ப் பதிவேட்டில் அரசுத் தரிசாக இருப்பதால் நிறுவனங்களுக்கு ஒதுக்குவது எளிதாகிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓரண்கள் உள்ளிட்ட ராஜஸ்தானின் புனித வனங்களை அளந்து அறிவிக்கை செய்யும்படி அம்மாநில வனத்துறைக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஜெய்சல்மேர் இனப்பெருக்க மையத்தில் செயற்கைக் கருவூட்டலில் முதல் கானமயில் குஞ்சு பொரித்தது. மையத்தில் வளரும் பறவைகளை வெளியே விடும் நாளில், கம்பி ஓடாத, உழப்படாத புல்வெளி அவற்றுக்கு வேண்டும். அதற்குள் ஓரண்களின் அளவீடு முடிந்தாக வேண்டும்.