கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

திருச்சி துப்பாக்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "அமெரிக்காவுல வாத்தியாருக்கே துப்பாக்கி குடுக்கறாங்களாமே தோழர், நம்ம ஊருக்கும் வந்துருமா?" அமெரிக்கா வரை போக வேண்டாம், 2014 டிசம்பரில் பெஷாவர் பள்ளிப் படுகொலை நடந்த மறுமாதமே பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில் ஆசிரியர்கள் ஆயுதம் எடுத்துவர அனுமதி கிடைத்தது என்றேன். "நல்லவேளை, நம்மகிட்ட அதெல்லாம் இல்ல" என்றார். அந்த நிம்மதிதான் உறுத்தியது. குழந்தையின் உயிர்மேல் வாத்தியாருக்கு அதிகாரம் தர நாம் மறுத்திருக்கிறோமா, இல்லை எப்போதோ கொடுத்துவிட்டு மறந்துவிட்டோமா?

ஸ்ரீரங்கத்தில் என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று அப்பா வாத்தியாரிடம் கைகட்டிச் சொன்னது: "கண்ணை மட்டும் விட்டுடுங்க சார், மத்ததெல்லாம் உங்களுது." தமிழ்நாட்டில் இதைக் கேட்காத தலைமுறை இல்லை. அவர் எடுத்துக்கொண்டார். ஒருநாள் பதினோரு அடி, எண்ணினேன். வீங்கிய கையோடு வீட்டுக்குப் போனால் அப்பா, "கண்ணுக்கு ஒண்ணுமில்லியே?" என்றார். கேலியில்லை. ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று சரிபார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இந்த ஒப்பந்தத்தின் வயது என்ன? திண்ணைப் பள்ளியில் கோதண்டம் இருந்தது. விட்டத்துக் கயிற்றில் பையனைத் தொங்கவிடுவது. காலில் கட்டையைப் பூட்டுவதும் இருந்தது. 1826இல் மன்றோ கொடுத்த கணக்குப்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், ஆயிரம் பேருக்கு ஒன்று. இந்தக் கணக்கைக் காட்டி 'நம் பொற்காலம்' என்று பெருமை பேசுகிறவர்கள் கோதண்டத்தைப் பேசுவதில்லை. அந்தத் திண்ணையில் ஏறவே முடியாதவர்களைப் பற்றியும் பேசுவதில்லை. எழும்பூர் ராணுவ அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை 1797இல் 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நம்முடைய சட்டாம்பிள்ளை கப்பலேறினான் என்று வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு அங்கிருந்து வந்தது சட்டம்.

1860 ஏப்ரல். ஈஸ்ட்போர்னில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர் பதினைந்து வயது மாணவனை இரவில் மணிக்கணக்காக அடித்தார்; காலையில் பையன் பிணம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடுமையாக அடிக்கலாமா என்று ஹாப்லி முன்கூட்டியே தகப்பனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார், தகப்பனும் சம்மதித்திருந்தார். தலைமை நீதிபதி காக்பர்ன், மிதமான, நியாயமான தண்டனை என்றால் ஆசிரியருக்கு உரிமை உண்டு, இது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்றார். நான்கு வருடம் சிறை. கொலைக் குற்றச்சாட்டே இல்லை. எல்லை எங்கே என்று தெரிய ஒரு பிணம் தேவைப்பட்டது.

அதே 1860 அக்டோபரில் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. பிரிவு 89: பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பாதுகாவலரோ அவர் சம்மதத்தோடு இன்னொருவரோ 'நல்லெண்ணத்தோடு' செய்வது குற்றமாகாது. வேண்டுமென்றே சாகடிப்பதும் கொடுங்காயம் விளைவிப்பதும் விலக்கு. கொடுங்காயம் எது என்று பிரிவு 320 பட்டியல் போடுகிறது. இரண்டாவது இனம், ஒரு கண்ணின் பார்வையை நிரந்தரமாகப் பறிப்பது. அப்பா சட்டம் படித்தவரில்லை. ஆனாலும் அவர் வாக்கியமும் இதுவும் ஒன்றுதான். 1949இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதிலேயே பெற்றோரின் சம்மதம் அடங்கியிருக்கிறது. அதாவது வாய் திறக்காத தகப்பனும் சொன்னதாகவே கணக்கு.

நம் கல்வி விதி 51, உள்ளங்கையில் ஆறு அடி வரை, அதுவும் தலைமையாசிரியர் முன்னிலையில்தான் என்றது. எனக்கு விழுந்தது பதினொன்று. யாரிடம் போய்ச் சொல்ல?

என் பையனைப் பள்ளியில் சேர்த்தது 1994இல். அதிகாரம், உடல், ஃபூக்கோ என்று கூட்டங்களில் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்த காலம். வாத்தியார் பையனைப் பார்த்ததும் என் வாயில் தானாக வந்தது: "கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்." சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு சேலம் மாவட்டத்துப் பள்ளியொன்றில், சாதி இந்துக்களுக்கென்று வைத்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்ததற்காக ஒரு தலித் சிறுமியை ஆசிரியர் அடித்தார். ஒரு கண் போயிற்று. இங்கே எந்தத் தகப்பன் சம்மதித்தான்? என் அப்பாவின் ஒப்பந்தத்தில் கண்ணாவது விலக்கப்பட்டிருந்தது, அந்த விலக்கைக் கேட்டு வாங்கும் இடத்தில் அவர் நின்றிருந்தார். அந்தச் சிறுமியின் வீட்டாருக்கு அந்த இடமே கிடையாது. 'நல்லெண்ணம்' எல்லா உடல்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை.

2003இல் தமிழக அரசு விதி 51ஐத் திருத்திப் பிரம்பைத் தடை செய்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17ம் தடுக்கிறது. 2012இல் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றபோது ஓர் ஆசிரிய நண்பர் என்னிடம் சீறினார்: "பிரம்பைப் புடுங்கினீங்கள்ல, இப்ப பாருங்க!" அவர் பயம் பொய்யல்ல. ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் திருப்பித் தாக்கும் உரிமை தற்காப்பு என்ற பெயரில் எல்லாக் குடிமக்களுக்கும் இருக்கிறது, ஆசிரியருக்கும்தான். அவர் கேட்டது அதுவல்ல. பயப்படவைக்கும் உரிமையைக் கேட்டார்.

துப்பாக்கி ஃபேக்டரி நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. "அந்த 89தான் இப்ப போயிருச்சே, புதுச் சட்டம் வந்துருச்சே" என்றார். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 27. பன்னிரண்டு வயது, பாதுகாவலரின் சம்மதம், நல்லெண்ணம் எல்லாம் அப்படியே இருக்கிறது.