மலையேறாத மாட்டுவண்டி

எங்க வீட்டுத் தகரப் பெட்டியில் அம்மா ஒரு கட்டு ரசீது வச்சிருக்காங்க. எல்லாம் பஞ்சாயத்துக்கு வீட்டு வரி கட்டினது. அதில் வீட்டு வரிக்குக் கீழே இன்னொரு வரி அச்சடிச்சிருக்கும்: நூலக வரி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் ரசீதைப் படிச்சுக் காட்டினப்ப, "அது எதுக்குடா?"ன்னு கேட்டாங்க. லைப்ரரிக்குன்னு சொன்னேன். "அப்ப அது நம்மளுதுந்தானே"ன்னாங்க.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பன்னிரண்டு வயசில் ஊர்த்தெருவில் இருந்த நூலகத்துக்குப் போயிருந்தேன். மேசையில் இருந்தவர் முதலில் கேட்டது என்ன புத்தகம் வேணும்னு இல்லை, எந்தத் தெருன்னு. உறுப்பினர் ஆகணும்னா அதிகாரி ஒருத்தர் கையெழுத்து வேணும்னார். எங்க தெருவில் கைநாட்டுத்தான் உண்டு. பேப்பர் படிக்கலாம், ஆனா வாசலில் நின்னு படின்னார். வாசலில் நின்னேதான் படிச்சேன். நாங்க கட்டின வரியில் வாங்கின பேப்பர் அதுன்னு அப்போ எனக்குத் தெரியாது.

அந்த வரிக்கு ஒரு வரலாறு உண்டு. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அது. 1950இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சியும் நகராட்சியும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிச்சு நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டணும். இன்றைக்கு அது ரூபாய்க்கு 10 பைசா. மாடி வீட்டுக்காரனும் கட்டுறான், தொகுப்பு வீட்டுக்காரியும் கட்டுறாள்.

சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பூட்டி வைக்க இல்லை, படிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும் என்கிற கருத்து அதில்தான் இருக்கு. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை ஏற்பாட்டில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். நடமாடும் நூலகம். வாசகன் வரட்டும்னு உட்கார்ந்திருக்காமல் வாசகனைத் தேடிப் புத்தகம் போன காலம். அதைக் குறைச்சுப் பேச நான் வரலை.

ஆனா ஒன்னு யோசிக்கணும். வண்டி போக வண்டிப்பாதை வேணும். தஞ்சைச் சீமையில் ஊருக்கு வண்டிப்பாதை, சேரிக்கு வரப்பு. பொதுச் சாலையில், பொதுக் கிணற்றில், பொது அலுவலகத்தில் எங்க சனத்துக்கும் உரிமை உண்டுன்னு 1924இல் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. வண்டி கிளம்பினது அதுக்கு ஏழு வருசம் கழிச்சு. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. தெரு தெருவாகவே இருந்தது.

பரோடாவைப் பாருங்க. மன்னர் சாயாஜிராவ் 1910இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்கிற நூலகரை வரவழைச்சு இலவச நூலகங்கள் அமைச்சார். கிராமங்களுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் போனது. அதே மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படிச்சவர்தான் அம்பேத்கர். 1917இல் அவர் பரோடாவுக்கு வேலைக்கு வந்தப்போ என்ன நடந்தது? தங்க இடம் கிடைக்கலை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினாங்க. அலுவலகத்தில் பியூன் கோப்பைக் கையில் கொடுக்காமல் தூக்கிப் போட்டான். புத்தகப் பெட்டி ஊருக்குள் போன சமஸ்தானத்தில் புத்தகம் படிச்ச மனுசன் இருக்க முடியலை. பிறகு அவர் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டினார். வீடுன்னு பேர், உள்ளே நூலகம்.

இங்கேதான் நம்ம வரலாறு தொடங்குது. நம்ம ஆட்களுக்கு நூலகம் அரசாங்கம் கொடுத்த கட்டடமாக வரலை, வீடாக வந்தது. அயோத்திதாசர் தன் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியிருக்கார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த கந்தப்பன் தன்னிடம் இருந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளைத் துரையிடம் கொடுக்க, அவை எல்லிஸ் கைக்குப் போயின என்பது அவர் பதிவு. எம்.ஏ. தமிழ் படிச்ச எனக்கு ஏட்டைத் தேடி அலைஞ்சவர்கள், பதிப்பிச்சவர்கள் எல்லாரையும் பாடமாக நடத்தினாங்க. கந்தப்பன் பெயரை ஒருத்தரும் சொல்லலை. சமையல்கட்டில் நின்னவன் வீட்டில் ஏடு இருந்திருக்கும்னு ஒத்துக்க இவங்களுக்கு மனசு வரலை.

1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. ஒரு வருசம் கழிச்சு 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கின நம்ம சனங்க அதைப் படிச்சாங்க; மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் நடத்தினாங்க; சித்தார்த்தா புத்தகசாலைன்னு பேர் வச்சுப் பண்டிதரின் நூல்களை அச்சடிச்சாங்க. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னால் 1926இல் 'தமிழன்' தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் பொறுப்பில் மறுபடி வந்தது. அந்தப் பழைய தாள்களைச் செல்லரிக்காமல் காத்தவர்களில் ஒருத்தர் அன்பு பொன்னோவியம். இல்லேன்னா 1999இல் ஞான அலாய்சியஸ் பண்டிதரின் சிந்தனைகளைத் தொகுத்திருக்க முடியாது. தொண்ணூறு வருசம் ஒரு பத்திரிகை உயிரோடு இருந்தது மாடத்திலும் பரணிலும்.

இதையெல்லாம் மனசில் வச்சுக்கிட்டுத்தான் நண்பர்கள் நாலு பேர் சாக்கு மூட்டையில் புத்தகம் கட்டிக் கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. சங்கப் பாட்டில் வல்வில் ஓரியின் மலை. ஆடிப் பதினெட்டை ஒட்டி வருசா வருசம் அரசு விழா எடுக்குது. நாங்க போன குக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓரி பேர் தெரியும். ஓரியைப் பாடின புறநானூற்றை அவங்க கண்ணால் பார்த்ததில்லை.

மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். அவங்களும் நாங்களும் ஒன்னு இல்லை. மேல் கீழ் பார்க்கிற பழக்கம் மலைமேலும் இல்லாமல் இல்லை. இதை மறைச்சுட்டு ஒடுக்கப்பட்டோர் ஒற்றுமைன்னு கோஷம் போடுறது நேர்மை இல்லை.

நாங்க கொண்டுபோனது அம்பேத்கர், பெரியார், தலித் கதைகள். திண்ணையில் பரப்பி வச்சோம். பிள்ளைகள் அட்டைப்படம் பார்த்துட்டுப் போயிருச்சுங்க. பத்தாவது படிக்கிற பொண்ணு ஒன்னு மட்டும் எல்லாத்தையும் புரட்டிட்டுக் கேட்டது: "அண்ணா, காட்டுப் பட்டாவுக்கு மனு எப்படி எழுதணும்னு இதுல எதுலயாச்சும் இருக்கா?"

இல்லை. எங்க மூட்டையில் அது இல்லை. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி மேடையில் பேசியும் இருக்கோம். படிவம் ஒன்னு எடுத்துட்டுப் போகணும்னு ஒருத்தனுக்கும் தோணலை. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்கிற பெயர் மாவட்டப் பெயர்களோடுதான் இருக்கு. சேலம் மாவட்டத்து மலையாளி பழங்குடி. அந்தப் பட்டியலில் இல்லாத மாவட்டத்து மலையில் அதே மலையாளிக்குச் சான்று கிடைக்காது. ஒரு சொல்லில் ஒரு பிள்ளையின் படிப்பே தொங்குது. அதைப் படிச்சுக் காட்ட அந்தத் திண்ணையில் ஆள் இல்லை. வாசகருக்கு என்ன வேணும்னு கேட்காமல் புத்தகம் தூக்கிட்டுப் போன விசயத்தில் ஊர்த்தெரு மேசைக்காரருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

அன்னைக்குச் சாயங்காலம் ஒரு பாட்டி எங்களைத் தொம்பை காட்டக் கூட்டிப் போனாங்க. தானியம் சேர்த்து வைக்கிற குதிர் மாதிரி. அதில் சாமை, தினை, கேழ்வரகு விதைகள். ஜவ்வரிசி ஆலைகளுக்காக மலையெல்லாம் மரவள்ளி ஆனப்போ சிறுதானிய விதை காணாமல் போக இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செஞ்சு, ஊராரோடு சேர்ந்து விதை வங்கிகள் அமைச்சது. விதை வேணும்கிறவர் வாங்கிட்டுப் போய் விதைச்சு, அறுவடைக்குப் பிறகு கூடுதலாகத் திருப்பித் தரணும். கணக்கை ஊர்க்காரங்களே பார்க்கிறாங்க. "கொடுத்த விதை பெருகி வரணும் தம்பி. பூட்டி வச்சா வண்டுதான் தின்னும்"னாங்க பாட்டி. ஐந்து விதிகளில் பாதியை அவங்க ஒரே மூச்சில் சொல்லிட்டாங்க.

கேரளத்து இடுக்கி மலையில், இடமலைக்குடியில், முதுவர் இனத்துச் சின்னத்தம்பி தன் டீக்கடையிலேயே நூலகம் நடத்தினார். சுமார் 160 புத்தகம். கூடவே நின்னவர் ஆசிரியர் முரளீதரன். சிலப்பதிகாரம் மலையாளத்தில் அங்கே இருந்தது. ஒரு நோட்டில் பெயர் எழுதிட்டு எடுத்துப் போவாங்க. நடத்துறவர் அந்தச் சனத்திலேயே ஒருத்தராக இருந்ததால்தான் காட்டுக்குள் அது நடந்தது.

தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கின அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகம் வந்தது. பெரிய காரியம். ஆனா பல இடங்களில் பூட்டுத் தொங்கினதையும் நாம் பார்த்தோம். கட்டடத்துக்குப் பணம் இருந்தது. அதில் உட்காரும் ஆளுக்குக் கூலி இல்லை, புதுப் புத்தகம் இல்லை. எந்தத் தெருவில் கட்டுறதுன்னு முடிவு செய்தது யார் என்கிற கேள்வியும் இருக்கு. கொல்லிமலையின் 14 ஊராட்சிகளிலும் குக்கிராமங்கள் மேடு பள்ளமாகச் சிதறிக் கிடக்குது. ஊராட்சிக்கு ஒன்னு என்கிற கணக்கு சமவெளிக் கணக்கு.

அதனால் கேட்கிறோம். எங்க தெருவிலிருந்து வசூலான நூலக வரி எவ்வளவு, எங்க தெருவுக்குத் திரும்பி வந்தது எவ்வளவுன்னு கிராம சபையில் படிக்கணும். சேரியிலிருந்தும் குடியிலிருந்தும் படிச்ச பெண்களை நூலகராகப் போடணும். வாசகர் வட்டத்தில் ஆயிரம் ரூபாய் கட்டின புரவலர் பெயர்ப் பலகை மட்டும் போதாது. என்ன புத்தகம் வாங்கணும்னு சொல்ல எங்களுக்கும் இடம் வேணும். மனு எழுதவும் சான்று வாங்கவும் சட்டம் படிச்சுக் காட்டவும் ஒரு மேசை வேணும். எழுதத் தெரியாதவர் சொல்றதை எழுதி வைக்கணும், அதுவும் நூல்தான்.

அடுத்த முறை போனப்ப மூட்டையில் வன உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியும் படிவங்களும் இருந்தன. அந்தப் பொண்ணு இரண்டு நாள் உட்கார்ந்து பதினோரு வீட்டுக்கு மனு எழுதினது. கிளம்பும்போது சட்டப் புத்தகத்தைத் திருப்பித் தரலை. "இது இங்கயே இருக்கட்டும்ணா, நான் நோட்டுல எழுதி வச்சு எல்லாருக்கும் கொடுத்து வாங்குறேன்" என்றது. அது இன்னும் அங்கேதான் இருக்கு.