கணக்கர் கொடுத்த வாய்க்கால் சூத்திரம்

கிராமத்து ரோட்டோரம் கான்கிரீட் வாய்க்கால் கட்டுறாங்களே, அதோட அகலம், ஆழத்தை எப்படி முடிவு பண்றாங்க? நம்ம சிவில் நண்பர்களைக் கேட்டா 'மேனிங் சூத்திரம்'னு ஒப்பிப்பாங்க.

ராபர்ட் மேனிங் அயர்லாந்துக்காரர். பொறியியல் படித்தவரே இல்லை. 1846-ல், பெரும்பஞ்ச காலத்தில், அங்கே அரசுப் பொதுப்பணி அலுவலகத்தின் வடிகால் பிரிவில் கணக்கராகச் சேர்ந்தார். பின்னாளில் அதே அலுவலகத்துக்குத் தலைமைப் பொறியாளர்! 1889-ல், 73 வயதில், இந்தச் சூத்திரத்தை முன்வைத்தார். வேடிக்கை என்னன்னா, அவருக்கே அதில் திருப்தியில்லை. கனமூலம் போடுவது கஷ்டம், அலகுகளும் பொருந்தலை என்று வேறொன்றைச் சிபாரிசு செய்தார். அதை உலகம் மறந்துவிட்டது :-)

சொரசொரப்புக்கு ஒரு எண்ணைப் பின்னால் வந்தவர்கள் இதில் சேர்த்தார்கள். கான்கிரீட்டுக்குச் சுமார் 0.013, புல் முளைத்த மண் வாய்க்காலுக்குச் சுமார் 0.030. இந்த எண்ணால் வகுக்கணும். அதனால் ஒரே அளவு, ஒரே சரிவு இருந்தாலும் மண் வாய்க்காலில் பாதித் தண்ணீர்கூடப் போகாது. கான்கிரீட் என்றால் சின்னதாகவே கட்டலாம்.

சிக்கலும் அங்கேதான். 0.013-ஐ நம்பிச் சின்னதாகக் கட்டிய வாய்க்காலில் மண் சேர்ந்து புல் முளைத்தால் கணக்கு மொத்தமும் பொய். தண்ணீர் ரோட்டுக்கு ஏறும், அடிமண் ஊறும், தார் பெயரும். வருஷா வருஷம் தூர் வாரினால்தாங்க மேனிங் சொன்னது பலிக்கும்.