மேய்ப்பன் கறி

பாப்ரிக்கா தூளைப் போடும்போது சட்டி அடுப்பில் இருக்கக் கூடாது. இது தெரியாமல், முதல் தடவை நம்மூர் மிளகாய்த்தூள் மாதிரி அதைச் சூடான எண்ணெயில் கொட்டிவிட்டேன். அதில் இனிப்பு அதிகம். சில நொடிகளில் கருகி, எல்லாம் கசந்துபோனது. மறுமுறை வெங்காயம் நன்றாக வதங்கியதும் சட்டியை இறக்கி, தூளைக் கலந்து, உடனே தண்ணீர் விட்டேன். மாட்டிறைச்சி எங்கள் வீட்டுக்குள் வராது, அதனால் ஆட்டுக்கறி. கேரவே விதை கிடைக்கவில்லை, சீரகம் போட்டேன். கடைசியில், பழக்கதோஷம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

அம்மா ருசி பார்த்தார். "ஆட்டுக்கறிக் குழம்புதானே? காரத்தையே காணோம். இதுக்கா இவ்ளோ நேரம்?"

"இது ஹங்கேரி சாப்பாடும்மா. குலாஷ்."

"அப்போ அவங்களும் நம்மள மாதிரிதான்."

நான் மாற்றியதெல்லாம் போக இதில் ஹங்கேரி என்று என்ன மிச்சம் இருக்கிறது? அந்தக் கேள்வியோடுதான் படிக்க உட்கார்ந்தேன்.

ஹங்கேரியர்கள் இதைக் 'குயாஷ்' என்கிறார்கள். 'குயா' என்றால் மாட்டு மந்தை. 'குயாஷ்' மந்தையை மேய்ப்பவன். அவன் சமைத்தது 'மேய்ப்பன் கறி'. நாளடைவில் 'கறி' உதிர்ந்துபோய், ஆளின் பெயரே சாப்பாட்டின் பெயராகிவிட்டது. ஹங்கேரியின் பெருஞ்சமவெளியிலிருந்து நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற மாடுகளை வியன்னா, நியூரம்பர்க், வெனிஸ் சந்தைகள் வரைக்கும் ஓட்டிச் சென்றார்கள். வெட்டவெளியில் தீ மூட்டி, மேலே ஒரு கொப்பரையைத் தொங்கவிட்டுச் செய்த சமையல் இது. இன்றும் ஹங்கேரியில் குலாஷ் என்றால் சூப் போலத் தண்ணியாகத்தான் இருக்கும். வெளிநாட்டு உணவகங்களில் அந்தப் பெயரில் வரும் கெட்டிக் குழம்புக்கு அங்கே 'பொர்கொல்த்' என்று வேறு பெயர்.

சரி, அந்தச் சிவப்பாவது அவர்களுடையதா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1541இல் புடா நகரம் ஒட்டோமான் துருக்கியர் வசமானது. அந்த ஆட்சிக் காலத்தில் பால்கன் வழியாக மிளகாய் ஹங்கேரிக்குள் வந்திருக்க வேண்டும். முதலில் அதைத் 'துருக்கி மிளகு' என்றார்கள். பிறகு வந்த 'பாப்ரிக்கா'வும் சொந்தச் சொல் இல்லை. மிளகைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது. அதன் மூலம் லத்தீனுக்கும், அங்கிருந்து கிரேக்கத்துக்கும், கடைசியில் இந்தியாவின் 'பிப்பலி'க்கும் போகிறது. பிப்பலி வேறொன்றுமில்லை, நம் திப்பிலிதான். போர்த்துகீசியர் கொண்டுவந்த காய்க்கு நாம் மிளகோடு காயைச் சேர்த்து 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். அவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள். அம்மா தேடிய காரம் போனதற்கும் காரணம் உண்டு. 1859இல் செகெட் நகரத்தில் பால்ஃபி சகோதரர்கள் மிளகாயின் விதையையும் நரம்பையும் நீக்கி அரைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

மேய்ப்பவனின் சாப்பாடு பிரபுக்களின் மேசைக்கு ஏறியதற்குப் பின்னால் ஒரு மொழிச் சண்டை இருக்கிறது. ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஹங்கேரியின் மன்னராக முடிசூட்டிக்கொள்ளவே இல்லை. அதனால் மக்கள் அவரைத் 'தொப்பி ராஜா' என்று கிண்டலடித்தார்கள். 1784இல் ஹங்கேரியின் புனித முடியை வியன்னாவுக்கு எடுத்துக்கொண்டு போனார். அதே ஆண்டு ஜெர்மனை ஆட்சிமொழியாக்கினார். அதுவரை வியன்னா நாகரிகத்தில் ஊறியிருந்த பிரபுக்களுக்கே உறைத்தது. பழைய உடையைத் தேடி எடுத்தார்கள், தாய்மொழியைப் பேசினார்கள், மேய்ப்பன் கறியைச் சாப்பிட்டார்கள். 1790இல் முடி திரும்பி வந்தது. குலாஷ் தேசிய உணவாகவே நின்றுவிட்டது. 'நாங்கள் வேறு' என்று காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. கொப்பரையில் இருந்த மிளகாய் எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அதே கொப்பரை ஆட்சியாளர்களின் கைக்குப் போனது. 1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் நுழைந்தன. சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். கிளர்ச்சியின்போது பிரதமராக இருந்த இம்ரே நாஜ் 1958இல் தூக்கிலிடப்பட்டார். மாஸ்கோவின் ஆதரவோடு பதவிக்கு வந்த யானோஷ் காதார் முதலில் அடக்கினார், பிறகு மெல்லத் தளர்த்தினார். 1968இல் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது. கடைகளில் பொருள் இருந்தது, தட்டில் கறி இருந்தது. இந்த ஏற்பாட்டைத்தான் உலகம் 'குலாஷ் கம்யூனிசம்' என்றது. அதற்கு விலையும் இருந்தது. 1956ஐப் பற்றி வெளியே பேசக் கூடாது. சாப்பிடலாம், வாயைத் திறக்கக் கூடாது! 1989 ஜூன் 16 அன்று நாஜின் உடலுக்கு மரியாதையோடு மறு அடக்கம் நடந்தது. ஜூலை 6 அன்று நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அதே நாளில் காதார் இறந்துபோனார்.

ஒரு பேரரசரை எதிர்த்து நிற்க உதவிய அதே குலாஷ், பின்னால் ஒரு மரணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் உதவியிருக்கிறது. 'பாரம்பரிய உணவு' என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது இப்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டுமே ஞாபகத்துக்கு வருகின்றன.

என் சட்டிக்கு வருவோம். ஹங்கேரியில் ஆட்டுக்கறி குலாஷ் உண்டு, பீன்ஸ் போட்டது உண்டு. கறியே இல்லாமல் செய்வதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'பொய் குலாஷ்'. கறி வாங்கக் காசில்லாத நாளிலும் அதை வேறு பெயரால் அழைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. அந்தப் பெயரைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அடுத்த முறை கறிவேப்பிலையை விடுவேனா என்று தெரியவில்லை. அம்மா பக்கத்தில் நின்றால் நிச்சயம் விட முடியாது. ஆனால் சட்டியை மட்டும் மறக்காமல் அடுப்பிலிருந்து இறக்கிவிடுவேன்.