ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

ஆங்கிலத்தில் நோட்டீஸ் தட்டச்சு செய்யும்போது ‘எவ்ரிடே’ என்று சேர்த்து எழுதுவதா, ‘எவ்ரி டே’ என்று பிரித்து எழுதுவதா என்ற சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். இந்தக் குழப்பத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு.

பழைய லத்தீன் ஏடுகளில், நம் ஓலைச்சுவடிகளைப் போலவே, சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். லத்தீனைத் தாய்மொழியாகக் கொள்ளாத அயர்லாந்துத் துறவிகளுக்கு அது சிரமமாக இருந்தது. 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் அவர்கள் இடைவெளி விட்டு எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் மெல்ல ஐரோப்பா முழுவதும் பரவியது.

இடைவெளியை எங்கே விடுவது என்ற சிக்கலும் கூடவே வந்தது. ‘அ நேப்ரன்’ என்பதை ஆங்கிலேயர்கள் ‘அன் ஏப்ரன்’ என்று பிரித்துவிட்டார்கள். சமையலறையில் நீங்கள் கட்டும் ஏப்ரன் அப்படி வந்ததுதான்.

அடிக்கடி சேர்ந்து வரும் சொற்கள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். ‘டுமாரோ’ 16-ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் இரண்டு சொல். பிறகு நடுவில் ஒரு சிறு கோடு வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது மறைந்தது. 2007-ல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சுமார் 16,000 சொற்களில் இந்தக் கோட்டை நீக்கியது. அப்போது ‘ஐஸ் க்ரீம்’ இரண்டு சொல்லானது; ‘பம்பிள்பீ’ ஒரே சொல்லானது.

சில சொற்களில் மட்டும் இரண்டு வடிவமும் நிலைத்தன. காரணம், பொருள் வேறு. ஞாயிறன்று அணியும் நல்ல உடையிலிருந்து சாதாரண நாள் உடையைப் பிரித்துச் சொல்ல, 17-ஆம் நூற்றாண்டில் ‘எவ்ரிடே’ அடைமொழியாகப் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே சேர்த்து எழுதினால் ‘சாதாரணமான’. பிரித்து எழுதினால் ‘தினமும்’. தண்ணீர் தினமும் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பில் பிரித்தே எழுத வேண்டும்.

‘ஆல்ரெடி’ என்றால் ஏற்கெனவே. ‘ஆல் ரெடி’ என்றால் எல்லாம் தயார். ஆண்டுக் கூட்டத்துக்குக் கணக்குகள் தயார் என்று சொல்ல வந்தவர் சேர்த்து எழுதினால், ஏற்கெனவே என்ன ஆயிற்று என்று படிப்பவர் கேட்பார். ‘மேபி’ ஒருவேளை, ‘மே பி’ இருக்கலாம். ‘ஆல்ரைட்’ 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பலர் இன்னும் அதை ஏற்பதில்லை. அலுவலகக் கடிதத்தில் ‘ஆல் ரைட்’ என்று பிரித்து எழுதுவதே பாதுகாப்பு.

சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லைச் செருகிப் பாருங்கள். ‘எவ்ரி சிங்கிள் டே’ பொருந்தினால் அங்கே இரண்டு சொல். பொருந்தாவிட்டால் ஒரே சொல்.

பிள்ளைகளின் விடைத்தாளில் இதற்காகச் சிவப்பு மை விழுந்திருந்தால் கோபிக்காதீர்கள். அகராதிகளே காலத்துக்குக் காலம் மாற்றி எழுதிய விஷயம் இது. காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள்; அடுத்த முறை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.